டிஜிபின்: சி, பி, டி குழப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோபி பக்கம் தோட்டத்துச் சாளைகளுக்கு 31 வருடம் தபால் கொண்டுபோனவன் நான். ‘கருப்பராயன் கோயிலுக்கு வடக்கே, ரெட்டைப் பனை இட்டேரி’ என்று உறையில் இருந்தால் போதும், நேரே வாசலில் போய் நிற்பேன். இப்போது வருகிற பார்சல் பையன்களுக்குப் பனையும் தெரியாது, இட்டேரியும் தெரியாது. அதனால் 2025 மே மாதம் அஞ்சல் துறை, ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிஜிபின் என்ற குறியீட்டைக் கொண்டுவந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பேத்தி வாசலில் நின்று கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தாள். பத்தே எழுத்து. நாட்டைச் சுற்றி ஒரு சதுரம் போட்டு, அதை 16 கட்டமாக்கி, கட்டத்துக்கு ஒரு ஆங்கில எழுத்தோ எண்ணோ வைத்து, ஒரு கட்டத்தை மறுபடி 16 ஆக்கி, இப்படியே பத்துத் தடவை. கடைசியில் நிற்பது ஏறக்குறைய நாலு மீட்டர் சதுரம், எங்கள் திண்ணையளவு. முதல் கோடுகளில் ஒன்று 11.5 பாகை அட்சரேகையில் போகிறது. அதனால் கோபிக்கு முதல் எழுத்து எம், பக்கத்து அந்தியூருக்கு 4!

போன மாதம் மோட்டார் சாமான் கொண்டுவந்த பையன் போனில் கேட்டான். ஆறாவது எழுத்து ‘பி’ (P) என்றேன். அவன் காதில் ‘டி’ (T) என்று விழுந்திருக்கிறது. கட்டத்தில் பி-க்கு வலப்பக்கம்தான் டி. ஆறாவது இடத்தில் ஒரு கட்டம் தள்ளினால் கிழக்கே கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்.

“ஏனுங்கய்யா, வாய்க்கால் மேட்டுல நிக்கறனுங்க. வீடே காணமுங்களே?”

“அங்கயே நில்லு கண்ணு” என்று மொபெட்டை எடுத்தேன்.

கண்ணைக் குழப்புகிற ஓ, ஐ, பூஜ்ஜியம், ஒன்று எதுவும் இந்த 16-இல் இல்லை. சரி, காதை யார் நினைத்தார்கள்? சி, பி, டி மூன்றும் உள்ளே இருக்கின்றன. ஆதாரில் கடைசி இலக்கம் தப்பைக் காட்டிக்கொடுக்கும். இதில் அப்படி ஒரு எழுத்தும் கிடையாது.

அஞ்சல் துறை இரண்டு காரியம் செய்யலாம். கிளை அஞ்சலக ஆட்களைக் கொண்டு தோட்டத்து வீடுகளுக்கு இந்தக் குறியீட்டைத் தகட்டில் எழுதி மாட்டலாம். அப்புறம், உள்ள எட்டு ஆங்கில எழுத்துக்கும் ஆளுக்கொரு தமிழ்ச் சொல் வைத்து அச்சிட்டுக் கொடுக்கலாம். நான் இப்போது போனில் சி-க்குச் சீரகம், பி-க்குப் பீர்க்கங்காய், டி-க்கு டீக்கடை என்றுதான் சொல்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள், ஆனால் வாய்க்கால் மேட்டுக்குப் போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.