பள்ளித் திருப்பணி நிறைவு அறிக்கை: பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்களுக்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விடுமுறை விட்டதும் தொடங்கிய வேலை, பள்ளி திறப்பதற்கு முன்பே ஒருவழியாக முடிந்தது. கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, வகுப்பறைகள், வாசல் சாய்தளம், விளையாட்டிடம் என்று ஐந்து வேலைகளுக்குப் பொதுக்குழு ஒப்புதல் தந்திருந்தது. நான்கு முழுமையாக முடிந்துவிட்டன. விளையாட்டிடத்தில் சறுக்குமரம் மட்டும் பாக்கி. அதைக் கடைசியில் சொல்கிறோம். வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு தைத்து அலுவலக அறையில் வைத்திருக்கிறோம். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் பள்ளி நேரத்தில் வந்து புரட்டிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். அதனால் இங்கே கணக்கை அடுக்காமல், என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், இனிமேல் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் கழிப்பறை. அதிகப் பணம் செலவானதும் அதிக வாக்குவாதம் நடந்ததும் அதற்குத்தான். வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டால் பள்ளி பார்க்க லட்சணமாக இருக்கும், அதை முதலில் செய்யலாமே என்று பொதுக்குழுவில் பலர் சொன்னார்கள். அப்போது ஒரு தாய் எழுந்தார். தன் மகள் காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே நிறைந்து திரும்பி வருகிறது என்றார். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சா பாத்ரூம் போகணுமே" என்கிறாளாம். அதற்கு மேல் யாரும் வெளிச்சுவரைப் பற்றிப் பேசவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2009இல் பள்ளிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல்படி மாணவிகளில் 25 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். மாணவர்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்கத் தனி இடமும் வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்தால் நம் பள்ளியில் குறையே இல்லை. குறை தாழ்ப்பாளில் இருந்தது. பெரியவர்கள் தோள் உயரத்தில் பொருத்திய தாழ்ப்பாள், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு எக்கினாலும் எட்டாது. அதனால் ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். தோழி விடுப்பு எடுத்த நாளில் இவள் போகவே மாட்டாள், மாலைவரை அடக்கிக்கொண்டிருப்பாள். இப்படி அடக்கிப் பழகும் குழந்தைகளுக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வருவது மருத்துவர்கள் அடிக்கடி சொல்வதுதான். தண்ணீர் குடிக்காத குழந்தைக்குத் தலைவலி வரும், பாடத்திலும் மனம் நிற்காது.

தாழ்ப்பாளைக் குழந்தையின் மார்பு உயரத்துக்கு இறக்கியிருக்கிறோம். உள்ளே சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கிற வகை இது. கை கழுவும் இடத்தில் இருந்த அழுத்துகுழாய்களையும் கழற்றிவிட்டோம். அதை அழுத்த ஒரு கை, கழுவ இரண்டு கை என்று மூன்று கை வேண்டியிருந்தது! அவற்றுக்குப் பதிலாக, முழங்கையால் தட்டினாலே திறக்கும் குழாய்களைத் தாழ்வாகப் பொருத்தியாயிற்று. சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அது தீர்ந்த அன்றே வேறு மாற்றும் பொறுப்பு வாரம் ஒரு வகுப்புப் பெற்றோருடையது.

குடிநீர்த் தொட்டி வேலை அவ்வளவு கஷ்டமில்லை, ஆனால் முறை தவறக்கூடாது. அடுத்த ஆண்டு செய்பவர்களுக்காக அதை இங்கேயே எழுதிவைக்கிறோம். தொட்டியைக் காலி செய்து, அடியில் தங்கிய வண்டலை வாரி, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு நீர் நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்கும்படி பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற வேண்டும். புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின் என்பதால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் ஆகும். பிரித்துப் பல நாள் ஆன பொட்டலம் வீரியம் இழந்திருக்கும், அது வேண்டாம். 24 மணி நேரம் அப்படியே விட்டு, குழாய்கள் வழியாகவும் அந்த நீரை ஓடவிட்டு, முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும். வெளியேற்றும் குளோரின் நீர் செடிகளுக்குப் போகக்கூடாது. கடைசியாகக் குழாய் நீரைச் சோதித்தபோது எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராமுக்குள் இருந்தது. குடிக்க அதுதான் சரியான அளவு.

வகுப்பறைகளுக்கு வருவோம். பழைய வண்ணத்தைச் சுரண்டும் முன்பே ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: உலர்ந்த நிலையில் உப்புத்தாள் தேய்ப்பது கூடாது, அந்த நாட்களில் குழந்தைகள் வளாகத்துக்குள் வரக்கூடாது. பழைய எண்ணெய் வண்ணங்களில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆகவே நனைத்துத்தான் சுரண்டினோம், ஈரத்துணியால் துடைத்துத்தான் அள்ளினோம். புதிதாக வாங்கிய வண்ணம், ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்குக் கீழே என்று டப்பாவில் அச்சிட்டது. "ஜன்னல் கம்பிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள்" என்று சிலர் கேட்டார்கள். ஜன்னல் கம்பியை வாயில் வைக்காத ஒன்றாம் வகுப்புக் குழந்தை உண்டா, சொல்லுங்கள்!

கரும்பலகைகள் பளபளத்துப்போய், பக்கவாட்டில் உட்காருபவர்களுக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. தேய்த்து, இரண்டு பூச்சுப் பூசி, மூன்று நாள் காயவிட்டோம். அதற்கப்புறம் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் ஒரு தடவை தேய்த்து அழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராக எழுதினால் முதலில் எழுதிய எழுத்து எப்போதும் நிழலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். இந்தத் தேய்க்கும் வேலையை வந்திருந்த அண்ணன்மார், அக்காமாரிடம் கொடுத்தோம். தலைமுடிவரை வெள்ளையாக வீடு திரும்பினார்கள்.

நாற்காலிகள்தான் எங்களுக்கே புதுப் பாடம். உடைந்ததைச் சரிசெய்யத்தான் எடுத்தோம். மர வேலை தெரிந்த ஒரு தாத்தா, ஆணி அடிப்பதற்கு முன் ஒரு குழந்தையை உட்காரச் சொன்னார். கால் அந்தரத்தில் ஆடியது. "இப்படி ஆடுற காலை வச்சுக்கிட்டு எப்படிம்மா நேரா உக்காரும்?" என்றார். பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும், முழங்கால் ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்க வேண்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் நாற்காலிகள் எல்லா வகுப்புக்கும் ஒரே உயரம். புதிது வாங்க வழியில்லை. அதனால் சிலவற்றின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினோம். மற்றவற்றுக்கு மேசையின் கீழே கால்வைக்கும் கட்டை அடித்தோம். விளிம்புகளை அந்தத் தாத்தா ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்து இழைத்தார். உயரத்துக்கு ஏற்ப நாற்காலிக் காலில் வண்ணப் புள்ளி வைத்திருக்கிறோம். கூட்டிப் பெருக்கியபின் நாற்காலிகள் வகுப்பு மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ள இது உதவும்.

வாசல் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போட்டாயிற்று. ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு. இவ்வளவு நீளமா என்று கொத்தனாரே மலைத்தார். அதைவிடக் குறைத்தால் சக்கர நாற்காலியில் வரும் குழந்தையால் தானாக ஏற முடியாது, யாராவது தள்ள வேண்டும். தானாக ஏறத்தானே போட்டது. பேரனை விட வரும் பாட்டிகளும் இனி படியை விட்டுவிட்டு இதில் போகலாம்.

இனி, வேலைக்கு வந்தவர்களைப் பற்றி. பொதுக்குழுவில் ஒருநாளும் முகம் காட்டாத பலர் இந்த முறை வந்தார்கள். "பெற்றோர் திரளாக வந்து ஒத்துழைக்க வேண்டும்" என்ற வழக்கமான சுற்றறிக்கையை நாங்கள் அனுப்பவே இல்லை. திரளாக வா என்றால் யாரும் தன்னைக் கூப்பிட்டதாக நினைப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதினோம்: இன்ன வேலை, இந்த நாள், இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடியும், கொண்டுவர வேண்டியது இது. சீட்டை வகுப்பாசிரியர் பெயர் சொல்லிக் கொடுத்தார். பல சீட்டுகளைக் குழந்தைகளே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். முடியும் நேரம் எழுதியிருந்ததுதான் பெரிய வித்தியாசம் என்று பலர் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் என்றால் வந்துவிடலாம், "ஒருநாள் வாங்க" என்றால் எப்படி வருவது?

நம் ஆசிரியை ஒருவர் இதற்கு ஆதாரமும் காட்டினார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் ஹூவர்-டெம்ப்சியும் ஹோவர்ட் சாண்ட்லரும் 1990களில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். பெற்றோர் பள்ளிக் காரியத்தில் இறங்குவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் முக்கியமாக மூன்று: இது என் பொறுப்பும்தான் என்ற எண்ணம், என்னால் ஏதாவது ஆகும் என்ற நம்பிக்கை, பள்ளியோ ஆசிரியரோ சொந்தக் குழந்தையோ கூப்பிடுவது. முதல் இரண்டும் அவரவர் மனத்தில் இருப்பவை. மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

கூட்டத்துக்கு வராதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை நிறுத்திக்கொள்ளலாம் என்பது குழுவின் கருத்து. இரவுப் பணி பார்க்கும் ஒரு அப்பா, பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்து தொட்டியின் வண்டலை வாரிக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். கைக்குழந்தையோடு வெளியே வர முடியாத ஒரு அம்மா, எல்லாக் குழந்தைகளுக்கும் பெயர்ச்சீட்டு வெட்டி ஒட்டி அனுப்பினார். எழுதப் படிக்கத் தெரியாது என்று பள்ளி வாசலிலேயே நின்றுவிடும் ஒருவர்தான் கதவுகளின் கீல்களை எல்லாம் சரிசெய்தவர். இவர்களுக்கெல்லாம் கூட்டத்தில் பேச ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். செய்ய நிறைய இருந்தது.

சரி, பள்ளி திறப்புச் செய்திகள். ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் முதல் நாள் வகுப்பு வாசல்வரை வரலாம். விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், எப்போது கூட்டிப்போக வருவீர்கள் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழுகைக்குப் பயந்து சொல்லாமல் நழுவினால் மறுநாள் இரண்டு மடங்கு அழுகை வரும். குழந்தையை அழைத்துப்போக யார் யார் வரலாம் என்ற பட்டியலை அலுவலகத்தில் எழுதித் தாருங்கள்; பட்டியலில் இல்லாதவர் சொந்த மாமாவே ஆனாலும் அனுப்பமாட்டார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வாமை, ஆஸ்துமா போன்றவை இருந்தால் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். புத்தகப்பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பாருங்கள். 20 கிலோ குழந்தைக்கு 2 கிலோ. வாரம் ஒருமுறை பையைத் தலைகீழாகக் கொட்டினாலே பாதி எடை குறைந்துவிடும், கூழாங்கற்கள் உட்பட.

வாசிப்பு நேரத்துக்குப் பெற்றோர் வந்து கதை படிக்கலாம். எந்த மொழியில் வேண்டுமானாலும், புத்தகம் இல்லாமல் வாய்க்கதையாகவும் சொல்லலாம். வருபவர்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் வகுப்பில் இருக்க வேண்டும், மற்றவர் குழந்தைகளைப் படமெடுத்துப் பகிரக்கூடாது. இது எல்லாருக்கும் பொது, குழு உறுப்பினர்களுக்கும்தான்.

பராமரிப்புக்கு ஒரு ஏற்பாடு: கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய், நாற்காலி ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை சுற்றிப் பார்க்க இரண்டு பெற்றோரும் இரண்டு மாணவர்களும் கொண்ட குழு போடுகிறோம். மாணவர்கள் கட்டாயம். தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று பெரியவர்களுக்குத் தெரியாது.

பாக்கியிருக்கும் சறுக்குமரம்: இரும்புத் தகடு பிற்பகல் வெயிலைப் பார்த்து நிற்பதால் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது. அதைப் பெயர்த்து மரநிழல் பக்கம் திருப்பி நட்டு, இறங்கும் இடத்திலும் சுற்றியும் 30 செ.மீ. ஆழத்துக்கு மணல் நிரப்ப வேண்டும். அதுவரை கயிறு கட்டி அடைத்திருக்கிறோம். வீட்டிலும் குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள். தோண்டக்கூடிய நான்கு பேரும் ரசமட்டம் வைத்திருக்கும் ஒருவரும் தேவை. சனிக்கிழமை காலை, மூன்று மணி நேர வேலை. சீட்டுகள் இந்த வாரம் வீட்டுக்கு வரும்.

செயற்குழுவுக்காக,
செயலாளர்