யானை இருந்தால் தஞ்சாவூர்ப் பட்டாளமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். டெல்டா வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் கிடைக்கும் பட்டாளச் சின்னங்களைப் பற்றிய கட்டுரையில், யானை பொறித்த பித்தளைச் சின்னம் ஒன்று தஞ்சை மராட்டிய மன்னரின் படையுடையது என்று எழுதியிருந்தீர்கள். இது தவறு.

மதராஸ் பட்டாளச் சின்னங்களில் வரும் யானை அசாயே யானை. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்து ஜால்னா மாவட்டத்தில் உள்ள அசாயே கிராமத்தருகே, பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் படை, மராட்டியத் தலைவர்களான சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் படைகளைத் தோற்கடித்தது. அங்கே போரிட்ட மதராஸ் படைப்பிரிவுகளுக்கு விருதாகக் கிடைத்த யானை அது. மராட்டியரை வென்றதற்காகக் கொடுத்த அடையாளத்தை மராட்டிய மன்னரின் படைக்கே சூட்டியிருக்கிறது கட்டுரை! ஸ்காட்லாந்துக்காரர்களின் ஹைலேண்ட் லைட் இன்பென்ட்ரியும் இதே யானையை அணிந்தது. ஆகவே யானையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும். 1903இல் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் படைப்பிரிவுகளுக்கு மறு எண் இட்டபோது பழைய மதராஸ் எண்களோடு 60 சேர்ந்தது. 13 என்பது 73 ஆனது, 23 என்பது 83 ஆனது. 1922இல் மறுபடியும் எல்லாம் மாறியது. அதனால் தோள்பட்டையில் குத்தும் பித்தளை எழுத்தில் 73, 83 போன்ற எண் இருந்தால், அது பெரும்பாலும் அந்த இருபது வருடத்துக்குள் செய்தது. அடுத்தது கிரீடம். விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் வளைவு நடுவில் பள்ளம் விழுந்து தோள் தூக்கி நிற்கும். 1901க்குப் பிறகு வந்த மன்னர் கிரீடம் குவிமாடம்போல் உருண்டிருக்கும். 1950இல் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. எலிசபெத் ராணி காலத்துக் கிரீடத்தோடு இந்தியப் பட்டாளச் சின்னம் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

உண்மையைச் சொல்வது பின்பக்கம்தான். அச்சில் அடித்த சின்னத்தில் முன்னால் புடைத்திருப்பது பின்னால் குழிந்திருக்கும், கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்த்த சின்னத்தின் முதுகு தட்டையாக, பொடிப்பொடித் துளைகளோடு, கனமாக இருக்கும். அந்தக் காலத்திலேயே பஜாரில் வார்த்து அணிந்ததுண்டு என்பதால் வார்ப்பு எல்லாமே போலி அல்ல. ஆனால் அசலிலிருந்து அச்செடுத்து வார்த்தால் அளவு குறையும். பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும், வார்ப்புக்கு மாதிரியாகச் செய்யும் மெழுகும் தன் பங்குக்குச் சுருங்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். 50 மி.மீ. அகலச் சின்னத்தின் நகல் 49க்கும் கீழே போய்விடும், யானையின் கண்ணும் மழுங்கிவிடும். வெர்னியர் காலிப்பரால் அளந்து, அசல் என்று உறுதியான ஒன்றின் அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

தயவுசெய்து யாரும் குத்துவிளக்கைப்போல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்துச் செம்பு நிறத் திட்டுகளை விட்டுவிடும். செங்கல் பொடி, பின்பக்கத்தில் மெலிதாகக் குத்திய தயாரிப்பாளர் பெயரையே அழித்துவிடும். பச்சைக் களிம்பு இருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டினால் போதும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பதும் கெடுதல். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

பெட்டியில் பதக்கமும் இருந்தால் அதன் விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் பதிந்திருக்கும். வெள்ளி என்பதால் தட்டாரிடம் போய் உருகியவை ஏராளம். அவற்றோடு பெயர்களும் போய்விட்டன.

கட்டுரையில் வந்த சின்னத்தின் பின்பக்கத்தை, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அடுத்த இதழில் வெளியிட முடியுமா? அது எந்தப் பட்டாளம் என்று சொல்ல முயற்சி செய்யலாம்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்