நங்கூரச் சங்கிலி விற்கும் உறுப்பினர்கள் கவனத்திற்கு

வணக்கம். தூத்துக்குடிப் படகுக்காரர் ஒருவர் நேற்று எங்கள் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குச் சங்கிலியைத் திருப்பிக் கொண்டுவந்தார். பார்வைக்குப் பளபளப்பு, கண்ணிகள் உரசும் இடங்களில் கடுகளவு குழிகள், பழுப்புக் கறை. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). ஏற்காடு ஏரிப் படகுக்கு அது போதும், கடலுக்கு ஆகவே ஆகாது. கடலுக்கு மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் கலந்த 316 ரகம் கொடுங்கள். அதையும் நன்னீரில் அலசிக் காயவைக்க வேண்டும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது; எஃகின் ரகத்தைக் காட்டும் ஆலைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷேக்கிள் கொக்கியும் 316 ஆகவே இருக்கட்டும். உயிர் தொங்கும் பொருள் இது, வாங்குபவரிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவதில் தவறில்லை: ஓடும் சங்கிலியில் கை வைக்கக் கூடாது, கடைசி முனையைப் படகில் கயிற்றால் கட்ட வேண்டும், அப்போதுதான் ஆபத்தில் அந்தக் கயிற்றை வெட்டிவிடலாம்.