பனிக்காலத்தில் மொட்டைமாடிப் பூச்சு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிகளில் மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடிக்கும் வேலை மும்முரமாகிறது. ஆனால் மார்கழிப் பனியைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. கடைகளில் அதிகம் விற்கும் அக்ரிலிக் பூச்சில் உள்ள நீர் ஆவியாகி, பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்தால்தான் படலம் உருவாகும்; வெப்பநிலை சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பெரும்பாலும் அந்த இணைப்பு சரிவர நடப்பதில்லை. சமவெளியில் அவ்வளவு குளிர் அபூர்வம்தான். இங்கே தொல்லை தருவது பனி: தெளிந்த வானத்தின் கீழ் தளம் காற்றைவிட அதிகமாகக் குளிர்வதால், மாலையில் அடித்த பூச்சு காய்வதற்குள் ஈரம் படிந்து, காலையில் தொட்டால் விரலோடு வெள்ளையாக வழிந்து வருகிறது.

காலையில் பனி ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு தொடங்கி, பிற்பகல் 2 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏலகிரி, ஜவ்வாது மலைகளில் வீடு உள்ளவர்கள், விலை கூடுதலானாலும், காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டே இறுகும் சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் வகையைப் பரிசீலிக்கலாம். அவற்றுக்கும் தளம் உலர்ந்திருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு கோட்டும் அடித்து முடிக்க அவசரப்படும் ஒப்பந்தக்காரரிடம், முதல் கோட் காய்ந்துவிட்டதா என்று வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காட்பாடி.