மைலேஜ் குறைந்தால் பம்ப்பைக் கடைசியில் தொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறுவடை தொடங்கிவிட்டால் டெல்டாவில் பழைய டீசல் வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை, திரும்பி வரும்போது வைக்கோல் கட்டு என்று ஓடிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 9-க்கு இறங்கியதும் பலர் நேராக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் அதற்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பையும் கழற்றக் கொடுத்துவிடுகிறார்கள். கை மாறுவது பல ஆயிரம் ரூபாய், மைலேஜோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. இந்த வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறோம்.

மைலேஜ் உண்மையிலேயே குறைந்ததா என்பதே முதல் கேள்வி. ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் போட்டு, முள் இறங்குவதைப் பார்த்துச் சொல்லும் கணக்கு கணக்கே அல்ல. டேங்கை நிரப்பி, பைப் தானாக நின்றதும் நிறுத்துங்கள். 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்கில், அதே பைப்பில் மறுபடி நிரப்புங்கள். 25 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12. டயரை அளவு மாற்றிப் போட்டிருந்தால் இந்தக் கணக்கும் ஏமாற்றும். பெரிய டயரில் வண்டி ஓடிய தூரத்தைவிட மீட்டர் குறைவாகத்தான் காட்டும். பங்க் மேல் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அடர்த்தியையும் சோதித்துக் காட்டச் சொல்லலாம். வாடிக்கையாளர் கேட்டால் செய்துகாட்ட வேண்டியது அவர்கள் கடமை.

அடுத்து பிரேக். களிமண் வரப்பிலும் மழைக்காலச் சேற்றிலும் ஓடும் வண்டிகளில் பின் டிரம்முக்குள் சேறு புகுந்து காய்ந்துவிடுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஹேண்ட் பிரேக் கேபிளும் வீல் சிலிண்டர் பிஸ்டனும் துருப்பிடித்து இறுகுகின்றன. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடுவது ஓட்டுநருக்குத் தெரியாது. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு டிரம்மிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சுர்ரென்று ஆவியானால் அங்கேதான் பிடிக்கிறது. கையை வைத்துப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். பிறகு அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் ஷூ உரசுகிறதா, பேரிங் இரைகிறதா என்பது காதிலேயே தெரியும். டயர் காற்றை வண்டி ஓடிச் சூடான பிறகு அளக்காமல் காலையில் கிளம்பும் முன்பு பார்ப்பது நல்லது.

ஏர் ஃபில்டர் பற்றி எல்லாருக்கும் தெரியும், ஆனால் அறுவடை மாதங்களில் யாரும் அடிக்கடி திறந்து பார்ப்பதில்லை. அறுவடை இயந்திரம் கிளப்பும் உமியும் தூசியும் நாலே நாளில் அடைத்துவிடும். காகித ஃபில்டரை உள்ளிருந்து வெளியே, காற்றை மெதுவாக விட்டு ஊதுங்கள். தண்ணீரில் அலசக் கூடாது. உள்ளே பல்பை வைத்துப் பார்த்து வெளிச்சம் தெரியவில்லை என்றால் புதிது போடுங்கள். ஆயில் தொட்டி ஃபில்டரில் ஆயில் கோடு வரைக்கும்தான். அதற்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதையே இழுத்துக் குடிக்கும்.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது தெர்மோஸ்டாட் வால்வு பற்றி. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, சூடானதும் திறந்துவிடுவது இதுதான். கடலோரப் பகுதியில் ரேடியேட்டருக்குக் கூலன்ட் இல்லாமல் உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வால்வு துருப்பிடித்து மூடியபடி நின்றுவிடுகிறது, இன்ஜின் கொதிக்கிறது. பட்டறையில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கொதிப்பது நிற்கும். அன்றிலிருந்து இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது, ஆயிலும் கெட்டியாகவே நின்று இழுக்கும். கம்ப்யூட்டர் உள்ள வண்டியானால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணி அது கூடுதல் டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சில இன்ஜின்களில் வால்வை எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் என்ற குறுக்கு வழியே இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, கனத்த லோடில் இன்னும் மோசமாகக் கொதிக்கும். அரை மணி நேரம் ஓடியும் வெப்ப முள் தன் வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். வால்விலேயே 82 போன்ற ஒரு எண் பொறித்திருக்கும். ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். ஏறக்குறைய அந்த டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். செய்யவில்லை என்றால் புதிது வாங்குங்கள். பம்ப் வேலைக்கு ஆகும் செலவில் இது ஒரு மூலைக்குக் கூட வராது.

கிளச் வழுக்கினாலும் டீசல் போகும். டாப் கியரில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது. நாசில் மேலுள்ள சின்ன ரிட்டர்ன் ரப்பர் குழாய்களில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பியில் அளவு குறையாமல் ஏறுகிறது, டீசல் வாடை அடிக்கிறது என்றால் டீசல் ஆயிலுக்குள் இறங்குகிறது. அந்த வண்டியை உடனே நிறுத்துங்கள், பேரிங் போய்விடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் நாசில், பம்ப். அதற்கு முன் புகையைப் பாருங்கள். லோடில் கறுப்பு வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். சூடான பிறகும் வெள்ளை வந்தால் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) பிந்தியிருக்கலாம், நாசில் ஒழுகலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்திருக்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அங்கே நாசில் மாற்றிப் பயனில்லை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில், ஐடிலில் வைத்து, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், எந்தச் சிலிண்டரில் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாதது. அதன் நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் நாசில், போகவில்லை என்றால் கம்ப்ரஷனோ இன்ஜின் வால்வோ காரணமாக இருக்கலாம். எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நாசிலைத் திரும்பப் பூட்டும்போது செம்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது. பம்ப்பைக் கேலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிசெய்ய) கொடுத்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்ற அளவை வேலைக்கு முன்னும் பின்னும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். 'இழுவை வரும்' என்று டீசல் ஸ்குருவைக் கூட்டித் தர முன்வருபவரிடம் பம்ப்பைக் கொடுக்காதீர்கள். கூடுவது பெரும்பாலும் புகைதான். எழுதித் தராத இடத்தில் செய்த கேலிபரேஷனை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

— டீசல் மெக்கானிக்குகள் சிலர்,
மன்னார்குடி