ரொட்டி போட்டது நீங்கள், பை பறிகொடுத்தது நாங்கள்

பினாங்குத் தீவின் கெராச்சுட் கடற்கரைக்கு ஞாயிறுதோறும் ஆள் திரட்டி வரும் நடைக்குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தெலுக் பாஹாங்கில் தொடங்கி மேடேறி இறங்கி, ஒன்றரை மணி நேரம் வியர்வையில் குளித்துப் போகும் அந்தப் பாதை உங்களுக்குப் புதிதல்ல. குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன ஞாயிறு உங்களில் ஒரு குழு ரொட்டித் துண்டுகளை வீசி வீடியோ எடுத்தது. ரொட்டி தீர்ந்ததும் நகர்ந்துவிட்டார்கள். குரங்குகள் நகரவில்லை. பத்து நிமிடம் கழித்து அங்கே வந்து உட்கார்ந்தவர் என் அம்மா. வயது 66, சர்க்கரை நோயாளி. மடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பை.

பெரிய ஆண் குரங்கு ஒன்று பல்லைக் காட்டிப் பையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. உள்ளே மாத்திரை அட்டையும், தலைசுற்றினால் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாயும் இருந்தன. எங்கள் தலைக்கு மேலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தாள் பிரித்துத் தின்றது. சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஒன்றுமில்லாமல் அம்மாவை மறுபடி அந்த மேட்டில் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. படகுக்குக் காத்திருந்தோம். கை நடுங்கிக்கொண்டே அம்மா கேட்டார்: "பாவம், அது மாத்திரையையும் தின்னுட்டா என்னடா ஆகும்?"

காட்டுப் பழமும் நண்டும் தின்று பிழைக்கிற கூட்டம் அது. பிளாஸ்டிக் பை என்றாலே சோறு என்று பழக்கியது யார்? தயவுசெய்து தீனி போடாதீர்கள்.

அந்தக் குழுவின் சட்டையில் 'இயற்கையை நேசிப்போம்' என்று அச்சடித்திருந்தது. நேசம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கடல்நீர் கீழும் நன்னீர் மேலுமாகக் கலக்காமல் நிற்கும் அபூர்வ ஏரி அங்கே இருக்கிறது; பாலத்தில் நின்று படமெடுப்பவர்கள் போத்தலை மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஆமை முட்டையிட வரும் மணலில் கோழி சுட்ட கரி கிடக்கிறது. 2003-இல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது நம் வீட்டுக் கொல்லைப்புறமாக்கவா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். நுழைவாயிலில் குழுப்படம் எடுக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, தீனி போடக் கூடாது என்று உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். சாப்பாட்டைப் பைக்குள் மூடி வைக்கவும் சொல்லுங்கள்.

மேலிருந்து விழுந்த மிட்டாய்த் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் ரொட்டி உறைகளையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
பினாங்குவாசி ஒருவன்