செப்டம்பர் 22, அக்டோபர் 1: உங்கள் பில்லிங் மென்பொருளில் வரும் மாற்றங்கள்

அல்சூர், பெங்களூரு
19 செப்டம்பர் 2025

அன்புடையீர், வணக்கம்.

இந்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் ஒரே கேள்விதான்: "இந்த மாற்றம் எங்களுக்கும் உண்டா?" உண்டு. உள்ளூரில் மருந்துகளின் ஜிஎஸ்டி விகிதம் மாறுகிறது, அமெரிக்காவில் நோய்க் குறியீடுகள் மாறுகின்றன. இந்த ஊரில் மருந்துக் கடையுடன் கிளினிக் நடத்துகிறவர்களுக்கு வருகிற திங்கள், 22ஆம் தேதி முதல். அமெரிக்க டாக்டர்களுக்கு பில்லிங் செய்து தரும் அலுவலகங்களுக்கு அக்டோபர் 1 முதல். இரு தரப்பாரிடமும் இருப்பது ஓப்பன்இஎம்ஆர் என்ற மருத்துவப் பதிவு, பில்லிங் மென்பொருள்தான் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறோம். உங்களுக்குச் சம்பந்தமில்லாத பகுதியைத் தாண்டிச் செல்லுங்கள்.

முதலில் உள்ளூர்க்காரர்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 5 ஆகிறது. உயிர்காக்கும் மருந்துகள் 33க்கு, 12 சதவீதமாக இருந்த வரி அடியோடு நீங்குகிறது. தெர்மாமீட்டருக்கு 18லிருந்து 5. டாக்டரின் ஆலோசனைக் கட்டணத்துக்கு முன்பும் வரியில்லை, இனியும் இல்லை.

சிக்கல் அலமாரியில் இருக்கும் பழைய சரக்கில்தான். மாத்திரை அட்டையில் 112 ரூபாய் என்று அச்சாகியிருந்தால் அதில் 12 ரூபாய் வரி. திங்கள் முதல் அதே அட்டையின் கணக்கு 105 ரூபாய். மருந்து நிறுவனங்களின் திருத்திய விலைப்பட்டியல் உங்கள் கைக்கு வரும்வரை, அச்சு விலையிலிருந்து பழைய வரியைக் கழித்துப் புது வரியைச் சேர்த்து மென்பொருளே விலையைக் காட்டும். பட்டியல் வந்தபின் அதிலுள்ள தொகையை இட்டுக்கொள்ளுங்கள்.

ரசீதுப் படிவமும் மாறுகிறது. வரியில்லாத ஆலோசனைக் கட்டணமும் வரியுள்ள மருந்தும் ஒரே தாளில் தனித்தனிக் கட்டத்தில் அச்சாகும். ஜிஎஸ்டி பதிவில்லாத நோயாளிக்கு இப்படித் தருவதற்கு விதி 46ஏ இடம் கொடுக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு ரசீது கிழித்துக் கொடுத்தது போதும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வரிப் பட்டியலைத் திறந்து நீங்களாகவே 12 என்பதை 5 என்று திருத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஏப்ரலில் போட்ட ரசீதைக்கூட மறு அச்சு எடுக்கும்போது 5 சதவீதம் என்று காட்டும். அந்தத் தாளுடன் ஆடிட்டர் முன்னால் உட்கார வேண்டியவர் நீங்கள்தான். 20ஆம் தேதி விற்ற மருந்தை 24ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால், பழைய 12 சதவீதக் கணக்கில்தான் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே பழைய விகிதத்தை நாங்கள் அழிக்கவில்லை. 21ஆம் தேதி நள்ளிரவு என்று முடிவுத் தேதி இட்டு அப்படியே வைக்கிறோம்.

அமெரிக்க பில்லிங் அலுவலகங்களுக்கும் இதே கதைதான், ஒரு முடிச்சு கூடுதலாக. நோய்களுக்குக் குறியீடு தரும் ஐசிடி பட்டியலில், 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இம்முறை அந்த அளவுக்குப் புயல் இல்லை. ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் திருத்தம்தான். காப்பீட்டிடம் பணம் கேட்கும் கிளெய்மை எந்த நாளில் அனுப்புகிறோம் என்பது கணக்கில்லை, நோயாளி டாக்டரைப் பார்த்த தேதிக்கு எந்தக் குறியீடு செல்லுமோ அதுவே செல்லும். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு வரை கிளெய்ம் அனுப்பலாம் என்பதால், இந்த மாத வருகைகளுக்கு அடுத்த செப்டம்பர் வரைகூடப் பழைய குறியீடு தேவைப்படும்.

முடிச்சு இங்கேதான். நியூ ஜெர்சியில் ஒருவர் செப்டம்பர் 30 மாலை 4 மணிக்கு டாக்டரைப் பார்க்கிறார். நமக்கு அது அக்டோபர் 1, அதிகாலை 1.30. இரவுப் பணியில் இருக்கும் ஊழியர் தேதிக் கட்டத்தைத் தொட்டதும் கணினி தன் கடிகாரத்தைப் பார்த்து 1ஆம் தேதியை இடும். அந்தத் தேதியை நம்பிப் புதுக் குறியீட்டையும் எடுத்து நீட்டும். தேதியும் தவறு, குறியீடும் தவறு. அதனால் இனி அந்தக் கட்டம் காலியாகத்தான் திறக்கும். கிளினிக் குறிப்பில் உள்ள தேதியைத் தட்டச்சு செய்தால்தான் குறியீட்டுப் பட்டியல் விரியும். நூறு கிளெய்ம் போடுகிறவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். நிராகரிக்கப்பட்டுத் திரும்பும் கிளெய்மைவிட இந்த எரிச்சல் மலிவு.

எக்ஸெல் தாளில் சரிபார்த்துவிட்டு ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: தணிந்த நிலையில் இருக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இ11.ஏ என்ற புதுக் குறியீடு வருகிறது. புள்ளிக்குப் பின்னால் எண்தான் வரும் என்று எழுதிய மேக்ரோ (எக்ஸெலில் தானாக ஓடும் சிறு நிரல்) இதைப் பிழை என்று தள்ளிவிடும்.

கிளெய்ம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் மாற்றம் இல்லை. 2014 ஏப்ரலில் மெடிகேர் கட்டாயமாக்கிய அதே தாள்தான், 21ஆம் கட்டத்தில் நோய்க் குறியீடுகளுக்கு அதே பன்னிரண்டு இடங்கள்தான்.

"மென்பொருள் இலவசம் என்கிறீர்கள், பிறகு எதற்குக் கட்டணம்?" என்று கேட்டவர்களுக்கு: மென்பொருளின் மூல நிரல் யாருக்கும் திறந்திருக்கிறது, நீங்களே மாற்றிக்கொள்வதானால் எங்களுக்கு ஒரு பைசா தர வேண்டாம். நாங்கள் வாங்குவது வேலைக்கான கூலி. ஐசிடி பட்டியலை அமெரிக்க அரசு இலவசமாக வெளியிடுகிறது. சிகிச்சைகளுக்கான குறியீட்டுப் பட்டியலான சிபிடி அப்படியல்ல, அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து. ஜனவரி 1இல் அது மாறும்போது உரிமம் இருந்தால்தான் ஏற்றித் தருவோம். நண்பரிடமிருந்து வாங்கிய பென் டிரைவுடன் வராதீர்கள்.

கிளினிக்குகளுக்கு ஞாயிறு இரவு 10 மணிக்கு மேல் ஏற்றுகிறோம். அன்று மகாளய அமாவாசை ஆயிற்றே, புதிதாக ஒன்றைத் தொடங்கலாமா என்று கேட்டார் ஒரு டாக்டர். அரசாணை திங்கள் முதல் என்று சொல்லிவிட்டபின் நமக்கு நாள் பார்க்க ஏது இடம்? பில்லிங் அலுவலகங்களுக்கு 27, சனிக்கிழமை. அதைத் தள்ளிப்போடாதீர்கள். அக்டோபர் 1 ஆயுத பூஜை. சர்வருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தபின் எங்களில் ஒருவரும் விசைப்பலகையைத் தொடுவதில்லை. மறுநாளும் விடுமுறை.

அதற்குமுன் பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் அது திறக்கிறதா என்று பார்த்து வையுங்கள். சர்வரின் கடவுச்சொல்லை மாற்றியிருக்கும் கிளினிக்குகள் ஞாயிறு மாலைக்குள் எங்களிடம் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புக் குழுவினர்